புது பேட்டரியும் இறங்கிப்போச்சு

போன வருஷம் ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துல எங்க வீட்டு போர்டிகோவுல ஆரம்பிச்சது இது. அன்னைக்கு எங்க தெருவுல இருக்கற அத்தனை வண்டியும் டயருக்கு அடியில வச்ச எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுக் கிளம்புச்சு. என் காரை மட்டும் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் நசுக்க வேண்டியிருந்துச்சு.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில ஷிப்ட் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தின்னு என் மனைவி சொல்லுவா. ஒரே பொண்ணு. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்துல கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளையோட தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர். பொண்ணும் மாப்பிள்ளையும் இப்ப பாரிஸ் பக்கத்துல இருக்காங்க.

பொண்ணோட பிரசவத்துக்குன்னுதான் என் மனைவி அங்க போனா. குழந்தை பொறந்து கொஞ்ச நாள்ல வந்துடறேன்னா. பேரன் பொறந்தான். அப்புறம் பொண்ணு திரும்ப வேலைக்குப் போகணும், குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லன்னு விசாவை நீட்டிச்சாங்க. டிக்கெட் ஒரு தடவை மாறுச்சு, அப்புறம் இன்னொரு தடவையும் மாறுச்சு. மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டுத்தான் மாத்துவா. "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுங்களா? உங்களால சமாளிக்க முடியுதா?"ன்னு கேப்பா. நானும், "எனக்கென்ன கேடு? ராஜா மாதிரி இருக்கேன். நீ நிதானமா வா"ன்னு சொல்லுவேன்.

ராஜா இருந்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். காலையில ஒரு டம்ளர் அரிசியைக் குக்கர்ல போட்டு, அதையே மத்தியானம் குழம்பு ஊத்தி, ராத்திரி தயிர் ஊத்தித் தின்னுட்டுப் படுப்பேன். டிவியில யாராவது பேசிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா வீடு என்னமோ மாதிரி ஆயிடும். கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் ஒருத்தியோட மல்லுக்கட்டிப் பழகினவனுக்கு, சண்டை போட ஆள் இல்லாம வாய் நமநமன்னு இருந்துச்சு. பால் பாக்கெட் போடறவர்கிட்ட ரெண்டு வார்த்தை அதிகமாப் பேசினா, அவர் வண்டியை முறுக்கிட்டுப் போயிடுவார். அவருக்கு வேலை இருக்கு இல்ல?

இப்ப கார் விஷயத்துக்கு வரேன். ரிட்டயர் ஆனதும் வாங்கின சின்ன கார் அது. நான் தனியா எங்க போனாலும் ஸ்கூட்டர்தான். கார் எங்க ரெண்டு பேருக்காக. வில்லியனூர் கோயில், சொந்தக்காரங்க கல்யாணம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீச் ரோடு, அவ்ளோதான் அதோட உலகம். அவ ஊருக்குப் போனதும் கவரைப் போட்டு மூடினேன். ஓடாம நிக்கற வண்டிக்கு பேட்டரி இறங்கிடும்னு தெரியாதவன் இல்ல நான். அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வரணும்னும் தெரியும். ஆனா பக்கத்து சீட்டைக் காலியா வச்சுக்கிட்டு எங்க போறது? நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போயிட்டேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. வழக்கமா காரைக் கழுவறது நான், சந்தனம் குங்குமம் வைக்கறது அவ. இந்தத் தடவை ரெண்டையும் நானே செஞ்சேன். பழத்தை வச்சுட்டு உள்ள உக்காந்து சாவியைத் திருப்பினேன். "டக்"குன்னு ஒரு சத்தம். மறுபடி திருப்பினா அந்த "டக்"கும் இல்ல. ஹாரனை அமுக்கினேன், ஜுரம் வந்தவன் மாதிரி முனகுச்சு. முன்னாடி இருக்கற சின்ன லைட்டெல்லாம் மங்கி அணைஞ்சு போச்சு.

பொரியும் சுண்டலும் கொண்டுவந்த எதிர் வீட்டு அம்மா இதையெல்லாம் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. எங்க தெருவுல அதோட கண்ணுக்குத் தப்பி ஒரு பூனைகூடப் போக முடியாது. "அண்ணே, பூஜை போட்ட வண்டி நகராம நிக்கறது நல்லதில்ல. அண்ணி வேற ஊர்ல இல்ல"ன்னு சொல்லிட்டு, அதோட வீட்டு ஆளுங்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுச்சு. பழம் நசுங்குச்சு. "பேட்டரி போனதுக்கும் அண்ணிக்கும் என்னம்மா சம்பந்தம்?"னு நான் எரிஞ்சு விழுந்தேன்.

எரிஞ்சு விழுந்தேனே தவிர, அது சொன்னது மனசை விட்டுப் போகல. ஏன்னா அந்த வாரம்தான் பொங்கலுக்கு முன்னாடி வர மாதிரி அவளுக்கு மூணாவது தடவையா டிக்கெட் போட்டிருந்தாங்க. "மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நானே நம்ம கார்ல வரேன், வாடகை வண்டியெல்லாம் வேணாம்"னு ஜம்பமா சொல்லி வச்சிருந்தேன். இந்தக் கார் ஓடினா அவ வருவா, ஓடலன்னா இந்தத் தடவையும் டிக்கெட் மாறிடும்னு மனசுக்குள்ள எப்படியோ முடிச்சுப் போட்டுக்கிட்டேன். வெளியில சொன்னா சிரிப்பாங்க. ஆனா தனியா இருக்கறவன் புத்தி அப்படித்தான் போவும்.

உழவர்கரையில கடை வச்சிருக்கற எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். பானெட்டைத் திறந்தா, பேட்டரி முனையில வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கிடந்துச்சு. வெந்நீர் ஊத்திக் கழுவினார். மீட்டரை வச்சுப் பார்த்தார். "பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டணும் சார், இது ஒம்பதைத் தாண்டல. ரொம்ப நாள் நின்ன வண்டி இல்ல, அதான்"னார். கழட்டிக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். கார் கிளம்பிடுச்சு! அன்னைக்கு ராத்திரி போன்ல அவகிட்ட, "உன் வண்டி ரெடி"ன்னு சொன்னேன்.

அடுத்த வாரமே மறுபடியும் "டக்". பேட்டரிக்கு வயசாயிடுச்சு சார், இனிமே சார்ஜ் நிக்காதுன்னார். சரின்னு புதுசே போட்டாச்சு. சாவியைத் தொட்டதும் உறுமுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பீச் ரோடு வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். வழி நெடுக ஜோடி ஜோடியா நடக்கறாங்க, குழந்தைங்க பஞ்சு மிட்டாய் கேட்டு அழுவுது. நான் ஓரமா நிறுத்திட்டு, இறங்கறதுக்கு மனசு வராம அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டேன். பக்கத்து சீட்ல யாரும் இல்லன்னா கடல்கிட்ட போய் என்ன பேசறது?

சில நாள் கழிச்சு சாவியைத் திருப்பினா, மறுபடியும் சத்தமே இல்ல. புது பேட்டரி! எனக்கு வந்துச்சே கோபம். கடைக்குப் போய் அந்த எலக்ட்ரீஷியனை நாலு பேர் முன்னாடி, "என்னய்யா ஓட்டை பேட்டரியைத் தலையில கட்டிட்டே"ன்னு கத்தினேன். பாவம், அவர் திருப்பிக் கத்தல. வீட்டுக்கு வந்து பேட்டரியைக் கழட்டிட்டுப் போய், சார்ஜ் ஏத்தித் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். இஞ்சின் ஓடறப்ப சார்ஜ் ஏறுதான்னு பார்த்தார், ஏறுச்சு. அப்புறம் எல்லாக் கதவையும் படார் படார்னு சாத்திட்டு, வண்டி சும்மா நிக்கறப்ப எங்கயாவது கரண்ட் இழுக்குதான்னு மீட்டர் வச்சுப் பார்த்தார். ஒண்ணும் இழுக்கல.

தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டார். "சார், வீட்ல யாராவது வண்டியைத் தொறக்கறாங்களா? உள்ள லைட்டு கிட்டு போட்டுட்டு மறந்துடறாங்களா?"

"வீட்ல நான் ஒருத்தன்தான். நான் ஏன்யா நிக்கற வண்டியைத் தொறக்கப்போறேன்?"

"அப்ப பேய்தான் சார் கரண்ட் குடிக்குது"ன்னு சிரிச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்க்கறேன்னு போயிட்டார்.

நான் சொன்னது பொய். தினமும் நான் அந்தக் காரைத் தொறந்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஆயுத பூஜை அன்னைக்குத்தான் அவ போனப்புறம் முதல் தடவையா கார் கதவைத் தொறந்தேன். தொறந்ததும் அவளோட வாசனை குப்புன்னு வந்துச்சு. தேங்காயெண்ணெய், தைலம், பழைய பூ எல்லாம் கலந்த ஒரு வாசனை. வீட்ல ஜன்னலைத் தொறந்து தொறந்து அந்த வாசனை எப்பவோ போயிருந்துச்சு. காருக்குள்ள அப்படியே அடைஞ்சு கிடந்திருக்கு. அவ சீட்டுல தலை சாய்க்கற இடத்துல எண்ணெய்க் கறை, கதவோரமா அவ தைல பாட்டில், ரெண்டு ஹேர்பின். அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் திரும்ப வந்து கொஞ்ச நேரம் உக்காந்தேன். மறுநாளும் உக்காந்தேன். அப்புறம் மத்தியானம் சாப்பிட்டதும் அதுவே வழக்கமாப் போச்சு.

கவரை முழுசா எடுக்க மாட்டேன். எடுத்தா எதிர் வீட்டு அம்மா, "எங்க அண்ணே கிளம்பிட்டீங்க?"ன்னு வந்துடும். போர்டிகோ சுவத்துப் பக்கமா ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிட்டு, டிரைவர் சீட்டுல நுழைஞ்சுக்குவேன். கதவைச் சத்தம் வராம மெதுவா இழுத்து விட்டுக்குவேன். இறங்கறப்பவும் அதே மாதிரி மெதுவாத் தள்ளி விட்டுட்டு, கவரை இறக்கி விட்டுடுவேன். திருட்டுப் பூனை மாதிரிதான்.

உள்ள உக்காந்து என்ன பண்ணுவேன்னு கேக்கறீங்களா? பேசுவேன். முன்னாடி கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, பக்கத்துல அவ உக்காந்திருக்கற மாதிரி. குழாய் ஒழுவறது, எங்க சித்தப்பா மவன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதது, முட்டி வலி, எல்லாத்தையும் சொல்லுவேன். வீட்டுக்குள்ள இப்படித் தனியாப் பேசினா பைத்தியக்காரத்தனமா இருக்கும். கார்ல அப்படித் தெரியல. கார்ல போறப்ப நாங்க எப்பவுமே மூஞ்சைப் பார்க்காம ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே பேசுவோம்? அதனால அவ அங்க இல்லாதது உறுத்தல.

தலைக்கு மேல ஒரு சின்ன லைட்டு எரியும். கவருக்குள்ள இருட்டா இருக்குமே, அந்த வெளிச்சம் இதமாத்தான் இருந்துச்சு. அது ஏன் எரியுதுன்னு ஒரு நாளும் நான் யோசிக்கல. ஒரு மெஷின் நின்னா எதனால நின்னுச்சுன்னு பத்து பேரைக் கேள்வி கேட்டு வாட்டி எடுத்தவன் நான். இங்க என் புத்தி வேலை செய்யல, பாருங்க.

எலக்ட்ரீஷியன் வந்துட்டுப் போன மறுநாள். வெளியில நல்ல மழை. நான் வழக்கம்போல கவருக்குள்ள உக்காந்திருந்தேன். போன் அடிச்சுச்சு. அவதான், வீடியோ கால். அவ எப்பவும் சாயங்காலம்தான் கூப்பிடுவா, அப்பத்தான் பேரன் தூங்குவான். இந்நேரத்துல கூப்பிடறாளே, குழந்தைக்கு ஏதாவதோன்னு பதறி, இருக்கற இடத்தை மறந்து எடுத்துட்டேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், ஹால்லதான்."

"ஹால்ல எப்பங்க சீட் பெல்ட் மாட்டினாங்க?"

தோளுக்குப் பின்னாடி பெல்ட் தொங்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் போனை இப்படி அப்படித் திருப்பினேன். திருப்பத் திருப்ப இன்னும் நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

"எங்கயாவது கிளம்பறீங்களா? ஜன்னல் பூரா சாம்பலா இருக்கே. அய்யய்யோ, கவருக்குள்ளயா உக்காந்திருக்கீங்க?"

"என் காரு, நான் உக்காருவேன். உனக்கென்ன?"ன்னு கத்தினேன். மாட்டிக்கிட்டா நான் கத்தத்தான் செய்வேன்னு அவளுக்குத் தெரியாதா என்ன.

அவ கோபப்படல. பின்னாடி பேரன் எதையோ தட்டிக்கிட்டு இருந்தான். அவ குரலைத் தாழ்த்தி, "தினமும் உக்காருவீங்களா?"ன்னா.

இல்லன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். "உன்கூடப் பேசிக்கிட்டு இருந்தேன்"னு மட்டும் வந்துச்சு. அவ்ளோ வயசான மனுஷன், கையில போனை வச்சுக்கிட்டு அழுதேன். அவளும் ஸ்வெட்டர் கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. வெளியில மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அவதான் முதல்ல தேறினா. "ஏங்க, மேல அந்த லைட்டு ஏன் எரியுது?"

"அது எப்பவும் எரியும்."

"எப்பவும் எரியுமா? கதவை எப்படிச் சாத்தினீங்க?"

"மெதுவா. எதிர் வீட்ல கேட்டுடும்ல."

"இறங்குங்க. இறங்கி, தினமும் சாத்தற மாதிரியே சாத்திட்டு, கண்ணாடி வழியா உள்ள எனக்குக் காட்டுங்க."

இறங்கினேன். மெதுவாத் தள்ளினேன். "க்ளிக்"னு ஒட்டிக்குச்சு. சாத்தின மாதிரிதான் இருந்துச்சு. கண்ணாடி வழியா பார்த்தா, உள்ள லைட்டு ஜம்முனு எரியுது. கதவு பாதிதான் மாட்டியிருக்கு. அதனால அந்த லைட்டு ராத்திரி பகலா கவருக்குள்ள எரிஞ்சு, பழைய பேட்டரியையும் குடிச்சு, புது பேட்டரியையும் குடிச்சிருக்கு. எலக்ட்ரீஷியன் கதவைப் படார்னு சாத்திட்டு சோதிச்சதால அவருக்கு அது அகப்படல. கேட்டப்பவாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கணும்.

"இப்ப ஓங்கிச் சாத்துங்க"ன்னா.

ஓங்கிச் சாத்தினேன். ரெண்டு மூச்சு விடற நேரம் எரிஞ்சுட்டு லைட்டு அணைஞ்சுது. எதிர் வீட்லேருந்து, "அண்ணே, மழையில எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு குரல் வந்துச்சு. போன்ல அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

சிரிச்சு முடிச்சதும்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. "ஆமா, இந்நேரத்துல எதுக்குக் கூப்பிட்டே?"

அவ பேரனைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. "பாப்பா கேக்கறா. அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியாம். டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாத்திக்கலாமான்னு. அதான் உங்களைக் கேக்கலாம்னு..."

அந்த ஈர போர்டிகோவுல நின்னுக்கிட்டு இருக்கேன். எனக்கென்ன, நீ இருந்துட்டு வா, அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவ்ளோ பழக்கம். அதை முழுங்கினேன். "வேணாம். நீ வந்துடு. என்னால முடியல"ன்னேன். கல்யாணம் ஆனதுலேருந்து அவகிட்ட என்னால முடியலன்னு நான் சொன்னதே கிடையாது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னா. குரல் கோபமா இருந்துச்சு. "நல்லா இருக்கேன், ராஜா மாதிரி இருக்கேன்னீங்க. சரி, இந்த மனுஷனுக்கு நாம இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். இவரே கூப்பிடல, நாம ஏன் போவணும்னு இங்க பால்கனியில நின்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? வான்னு ஒரு தடவை சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்ங்க."

அங்க அவ ஒரு மூலையில, இங்க நான் ஒரு மூலையில. ரெண்டு பேரும் அடுத்தவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு நம்பிக்கிட்டு இத்தனை நாளை வீணாக்கியிருக்கோம்.

மறுநாள் அந்த எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய், அதே நாலு பேர் முன்னாடி நடந்ததைச் சொன்னேன். அவர் கிண்டல் பண்ணல. "எங்க அப்பாவும் ஊர்ல தனியாத்தான் இருக்கார் சார்"னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

டிக்கெட் மாறல. பொங்கலுக்கு முன்னாடி ஏர்போர்ட்டுக்கு நானே கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தேன். திண்டிவனம் தாண்டறதுக்குள்ள, "மெதுவாப் போங்க, முன்னாடி லாரி, பிரேக்கைப் போடுங்க"ன்னு நூறு தடவை சொல்லியிருப்பா. நானும் விடாம பதிலுக்குப் பதில் சண்டை போட்டுக்கிட்டே வந்தேன். வாய் வலிச்சுது.

கதை அதோட சுபமா முடிஞ்சுதுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா பேரன் அங்க இருக்கான், பொண்ணுக்கும் ஒத்தாசை வேணும். சித்திரை பொறந்ததும் அவ திரும்பப் போனா. இந்தத் தடவை ரெண்டு பேரும் உக்காந்து பேசி, எப்ப திரும்பறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனா. இதை எழுதறப்பவும் வீட்ல நான் தனியாத்தான் இருக்கேன். அதே குக்கர் சாதம், அதே டிவி.

போன வாரம் ஒரு சாயங்காலம் என்னமோ தாங்கவே முடியல. நானே கூப்பிட்டேன். "இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு. நீ பேச வேணாம், சும்மா லைன்ல இரு"ன்னேன். ஏன், எதுக்குன்னு அவ கேக்கல. போனை அடுப்பு மேடையில சாய்ச்சு வச்சுட்டு, வெங்காயம் நறுக்கினா, தாளிச்சா, பேரனை அதட்டினா. நான் இங்க நாற்காலியில உக்காந்து அதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேன். தனியா இருக்கறது இப்பவும் கஷ்டமாத்தான் இருக்கு; ஆனா அதை யார்கிட்ட சொல்லணுமோ அவகிட்டயே மறைச்சு வச்சிருந்த அந்த நாளுங்க அளவுக்கு எந்தத் தனிமையும் என்னை வாட்டல.